ஓலைக்காட்டில் எதுவும் நடக்கக் கூடாது

பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்துவிட்டால் நான் மிகவும் நல்ல மனிதன். சேலத்தில் ஏறி ராசிபுரம் தாண்டும்வரை யார் மேலும் கோபம் வராது. கைக்குழந்தையோடு நிற்கிற பெண்ணுக்கு எழுந்து இடம் கொடுப்பேன். கொடுத்த பிறகு கொஞ்சம் வருத்தப்படுவேன், அவ்வளவுதான். என்னிடம் படித்தவர்களைக் கேட்டிருப்பீர்கள். பெனடிக்ட் சார் ஓர் எறும்பைக்கூட மிதிக்க மாட்டார் என்று சொல்லியிருப்பார்கள். உண்மைதான். எறும்புகளைப் பற்றி எனக்கு ஆய்வு எதுவும் இல்லை.

விசாரணைக் குழுவில் நீங்கள் மூன்று பேரும் மரியாதையாகக் கேட்கிறீர்கள். நானும் மறைக்காமல் சொல்கிறேன். இந்த அறை எனக்குப் பழக்கமானதுதான். அந்தப் பக்க நாற்காலியில் நானே இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மாணவன் வீடுகளுக்குப் போகாமலே ஐம்பது படிவங்களை டீக்கடையில் உட்கார்ந்து நிரப்பிவிட்டான். அவனை ஒரு பருவம் இடைநீக்கம் செய்ய வேண்டும் என்று வற்புறுத்தியவன் நான். களத்துக்குப் போகாமல் எழுதுவதை என்னால் பொறுக்க முடியாது. ஓலைக்காட்டுக்கு நான் நூற்றுப் பதினோரு முறை போயிருக்கிறேன்.

ஏன் இப்படிச் செய்தேன் என்று கேட்டீர்கள். அதற்கு ஒன்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

அப்போது நாமகிரிப்பேட்டையைச் சுற்றி எட்டு ஊர்களில் ஒரு திட்டம் நடத்தினோம். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் வாரம் ஒருமுறை பயிற்சி பெற்ற பெண் ஒருத்தி போவாள். தாயோடு ஒரு மணி நேரம் உட்காருவாள். எப்படி ஊட்டுவது, எப்படி விளையாட்டு காட்டுவது, எப்போது மருத்துவரிடம் போவது என்று பேசுவாள். வரும்போது இரும்புச்சத்து மருந்து ஒரு புட்டியும் கடலை உருண்டை ஒரு டப்பாவும் வைத்துவிட்டு வருவாள். முந்நூறு பிள்ளைகள். இரண்டு வருடத்தில் எல்லாம் கன்னத்தில் சதை போட்டுவிட்டன. பிள்ளைகளின் படங்களையும் எடைப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு, திட்டத்தை நீட்டிக்கச் சொல்லி ஓர் அதிகாரியைப் பார்க்கப் போனேன். அவர் பட்டியலைப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“இது உங்க திட்டத்தால ஏறுன எடையா, மஞ்சள் வெலையால ஏறுன எடையா, பெனடிக்ட்?”

அந்த வருடம் மஞ்சளுக்கு என்றும் இல்லாத விலை. கூலி ஏறியிருந்தது. வீட்டுக்கு வீடு பால் வாங்கினார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. திட்டம் நின்றது. அந்த முந்நூறு பிள்ளைகளும் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு விசாரணைக் குழு எதுவும் போடவில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு சொல்தான்: சான்று. மனதுக்கு நல்லதாகப் படுவதைச் செய்வது தொண்டு. நல்லதுதானா என்று நிரூபித்துவிட்டுச் செய்வது சமூகப்பணி. நிரூபிக்க வேண்டுமானால் ஓர் ஊருக்கு உதவ வேண்டும், அதே மாதிரி இன்னோர் ஊருக்கு உதவாமல் இருக்க வேண்டும். இரண்டையும் அளந்து பார்த்தால் மஞ்சள் விலை இரண்டு பக்கமும் அடிபட்டுப்போகும். மிச்சம் நிற்பது உண்மை. உதவாத ஊருக்கு ஒப்பீட்டு ஊர் என்று பெயர். கேட்பதற்கு எவ்வளவு எளிமையாக இருக்கிறது பாருங்கள்.

எந்த ஊருக்கு உதவுவது என்பதை ராசிபுரம் பேருந்து நிலையத்தில் முடிவு செய்தோம். ஃபாத்திமா சாட்சி. எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த பெண். ஃபாத்திமா மாதா திருநாளில் பிறந்ததால் அந்தப் பெயர். என்னிடம்தான் முதுகலை படித்தாள். களப்பணிக்கு அவளைப்போல் ஒருத்தி கிடைக்க மாட்டாள், ஒரே ஒரு குறையைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன். பூ விழுந்தால் மல்லசமுத்திரத்துப் பக்கத்தில் இருக்கும் கருங்கல்வலசுக்கு உதவி, தலை விழுந்தால் நாமகிரிப்பேட்டைப் பக்கத்தில் இருக்கும் ஓலைக்காட்டுக்கு. நாணயத்தைச் சுண்டினேன். அது டீக்கடை பெஞ்சுக்கு அடியில் உருண்டுவிட்டது. கடைக்காரர் குனிந்து எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டார். என்ன விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை. மறுபடி சுண்டினேன். பூ.

முதல் தடவை தலை விழுந்திருக்குமோ என்று ஃபாத்திமா இப்போது சொல்லிச் சொல்லி அழுகிறாளாம். பார்க்காத நாணயத்துக்காக அழுவதற்குச் சான்று இல்லை.

இரண்டே இரண்டு ஊரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று புள்ளியியல் துறை கௌதமன் அப்போதே சொன்னார். இருபது ஊராவது வேண்டுமாம். புள்ளியியல்காரர்கள் எப்போதும் இன்னும் வேண்டும் என்றுதான் சொல்வார்கள். சமையல்காரர்களைப்போல.

ஓலைக்காட்டில் ஐந்து வயதுக்குக் கீழே முப்பத்தெட்டுப் பிள்ளைகள். அம்மாக்கள் மஞ்சள் காட்டிலும் மரவள்ளிக் காட்டிலும் கூலி. அப்பாக்களில் பாதிப்பேர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வடக்கே போனவர்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார்கள். அங்கே நாங்கள் செய்ய வேண்டியது மூன்றே வேலை. எடை பார்ப்பது, உயரம் பார்ப்பது, மொத்தம் நான்கு முறை விரலில் குத்தி ரத்தத்தில் சத்து எவ்வளவு என்று பார்ப்பது. மற்றபடி இரண்டு வருடத்துக்கு ஓலைக்காட்டில் புதிதாக எதுவும் நடக்கக் கூடாது.

நீங்கள் ஓர் ஊரை இரண்டு வருடம் ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டதுண்டா? எனக்கு அதற்கு முன்னால் தெரியாது, நம் பக்கத்து ஜனங்களுக்கு இவ்வளவு இரக்கம் இருக்கிறது என்று. ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் கசிகிறது.

முதலில் வந்தவர் தோமினிக். லாரிக்குக் கூடு கட்டும் பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் பங்கில் ஏழைகளுக்கு உதவும் சபையின் தலைவர். தவக்காலம் தொடங்கியிருந்தது. ஞாயிறு பூசை முடிந்து என்னைப் பிடித்துக்கொண்டார். நாற்பது நாள் காப்பி குடிப்பதை நிறுத்தி, அந்தக் காசில் ஏதாவது ஓர் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பால் கொடுக்கலாம் என்று சபையில் முடிவாகியிருக்கிறது என்றார். சாதி மதம் பார்க்கப்போவதில்லை, ஈஸ்டருக்குப் பிறகும் தொடருவோம் என்றார். “ஓலைக்காடுன்னு ஒரு ஊரு இருக்காம் சார், ரொம்பக் கஷ்டமாம். உங்களுக்குத் தெரியுமா?”

தெரியும் என்றேன். அதைவிடக் கஷ்டமான ஊர் பனமரத்துப்பட்டி ஏரிக்கு அந்தப் பக்கம் ஒன்று இருப்பதாகவும் சொன்னேன். அங்கே நான் போனதில்லை. ஏதாவது ஓர் ஊர் இருக்கத்தானே செய்யும். தோமினிக் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்றுவரை அங்கே ஐம்பத்திரண்டு பிள்ளைகள் தினமும் பால் குடிக்கிறார்கள். என்னால் பால் குடிப்பவர்கள் என்றுகூடச் சொல்லலாம். இதையும் குறித்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

அடுத்து கண்ணுசாமி. ஓலைக்காட்டிலேயே கோழிப்பண்ணை வைத்திருப்பவர். மகளுக்குப் பத்து வருடம் கழித்துக் குழந்தை பிறந்த சந்தோஷத்தில், ஓட்டில் கீறல் விழுந்த முட்டைகளைத் தினமும் அவித்து ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். அங்கன்வாடியில் கொடுக்கும் முட்டைக்கு மேல் இது வேறு. நான் பண்ணைக்கே போய், கீறல் வழியாகக் கிருமி போகும், ஒரு பிள்ளைக்கு வயிற்றால் போனாலும் உங்கள் பேர் கெட்டுவிடும் என்றேன். இது பொய் இல்லை, பாதி உண்மை. அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்.

“அப்ப கீறல் முட்டை வேண்டாமுங்க சார். நல்ல முட்டையே தாரேனுங்க.”

நல்லவர்களிடம் வாதாடுவது கடினம். வருடக்கணக்கில் சான்று, சான்று என்று வகுப்பெடுத்தவன் நான். அன்றைக்குச் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. என் வாயில் வந்தது இதுதான்: “முட்டை சூடுங்க. இந்த வெயில்ல பிள்ளைங்களுக்கு ஆகாது.”

“அதுஞ் சரிதானுங்க,” என்றார் கண்ணுசாமி. மறுநாளே நிறுத்திவிட்டார். மழைக்காலத்தில் மறுபடி தொடங்குவாரோ என்று பயந்தேன். நல்லவேளையாகப் பேரக் குழந்தை அப்பா ஊருக்குப் போய்விட்டது. அவருக்கும் வேகம் குறைந்துவிட்டது.

மஞ்சள் விலை இரண்டாம் வருடம் ஏறியபோது நாமகிரிப்பேட்டைச் சந்தையில் முகம் தொங்கிப்போய் நின்ற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இனி ஃபாத்திமாவின் குறை. ஒரு வருடம் முடிந்து எடைகளை வரைபடமாகப் போட்டேன். ஓலைக்காட்டில் வடக்குத் தெருப் பிள்ளைகள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தார்கள். தெற்குத் தெரு அப்படியே கிடந்தது. ஒரே ஊர், ஒரே கூலி, ஒரே தண்ணீர். ஒரு வாரம் தூங்காமல் யோசித்தேன். பிறகு எடை மெஷின் வைக்கும் பையைத் தலைகீழாக உதறினேன். கடலைத் தோல் உதிர்ந்தது. ஃபாத்திமா கருங்கல்வலசுக்கு வாங்கும் கடலை உருண்டையில் மிஞ்சியதை எடுத்து வந்து, பேருந்து இறங்கியதும் முதலில் வருகிற வடக்குத் தெருவில் கொடுத்துக்கொண்டே போயிருக்கிறாள். தெற்குத் தெருவுக்குப் போவதற்குள் டப்பா காலி.

கேட்டேன். மறைக்கவில்லை. “கையை நீட்டற பிள்ளைக்கு எடை மெஷினைக் காட்டிட்டு வரச் சொல்றீங்களா சார்?” என்றாள்.

நான் கோபப்படவில்லை. அவளைக் கருங்கல்வலசுக்கே மாற்றினேன். அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், அது விதிக்கு உட்பட்டது. அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். ஓலைக்காட்டு வேலையை நானே எடுத்துக்கொண்டேன். ஒருவரை மட்டும் விட்டுப்போக அவளுக்கு மனம் இல்லை. அது யாழினி.

யாழினிக்கு அப்போது மூன்று வயது. அம்மா சித்ரா மரவள்ளிக் காட்டுக்குப் போகிறவள். அப்பா அன்பரசு ரிக் வண்டியில் மத்தியப் பிரதேசத்தில் இருந்தார். தெற்குத் தெருவில் கடைசி வீடு. என்னைக் கண்டால் ஓடி வந்து எடை மெஷினில் தானாக ஏறி நின்றுகொள்கிற ஒரே பிள்ளை அவள்தான். இறங்கியதும் கையை நீட்டுவாள். “சாரு, பல்பம் கொண்டாந்தீங்களா?”

பல்பம் என்றால் சிலேட்டில் எழுதுவதற்கு இல்லை. தின்பதற்கு. சுவர்க் காரையையும் சுரண்டித் தின்பாள், சாமி படத்துக்கு முன்னால் வைத்த திருநீற்றையும் தின்பாள். உங்களில் மருத்துவர் ஒருவர் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தால் பிள்ளைகளுக்கு அப்படி ஓர் ஆசை வரும். எனக்கும் தெரியும். போகும்போதெல்லாம் ஒரு பெட்டி பல்பம் வாங்கிக்கொண்டு போவேன். அதில் சத்து எதுவும் கிடையாது. அதனால் விதிமீறல் ஆகாது. அந்த ஊரில் நான் கொடுத்த ஒரே பொருள் அதுதான். அவள் அதைக் கரும்பு கடிப்பதுபோல் கடைவாயில் வைத்துக் கடிப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

இப்போது படிவத்துக்கு வருகிறேன். நீங்கள் பொறுமையாகக் காத்திருந்தது அதற்குத்தான்.

ஆய்வு தொடங்குவதற்கு முன் நெறிமுறைக் குழுவுக்கு ஓர் உறுதிமொழி கொடுத்திருந்தேன். எந்த ஊரானாலும் சரி, ஒரு பிள்ளையின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழுக்குக் கீழே வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அந்த விதியை எழுதியவனே நான்தான். நல்ல விதி. முதல் அளவில் யாரும் ஏழுக்குக் கீழே இல்லை. ஒரு வருடம் கழித்து, போன பிப்ரவரியில், ஃபாத்திமா யாழினியின் விரலில் குத்திவிட்டு வாசித்தாள்: “ஆறு புள்ளி நாலு.” என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். படிவத்தில் ஏழு புள்ளி நான்கு என்று எழுதினேன்.

என் நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யாழினியை மருத்துவமனைக்கு அனுப்பினால் சித்ரா தெருவில் சொல்வாள். அடுத்த நாள் பத்து அம்மாக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவார்கள். எல்லாருக்கும் இரும்புச்சத்து மருந்து கொடுத்து அனுப்புவார்கள். ஒப்பீட்டு ஊர் போய்விடும். என்னிடம் மறுபடி யாராவது மஞ்சள் விலையைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள். நாளைக்கு இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கிடைக்க வேண்டிய திட்டம், ஒரு பிள்ளையின் ஒரு புள்ளிக்காகப் போய்விடும்.

பொய் எழுதினேன் என்று உங்கள் குறிப்பில் இருக்கிறது. அது சரியல்ல. உண்மையான எண்ணைப் பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்றில் அன்றைக்கே எழுதி வைத்துவிட்டேன். ஆய்வுக்கு அந்த எண் வேண்டும் அல்லவா. படிவத்தில் இருப்பது நெறிமுறைக் குழுவுக்கான எண். உண்மையை நான் மறைக்கவில்லை, வேறு இடத்தில் வைத்தேன்.

ஆகஸ்டில் அடுத்த அளவு. அப்போது ஃபாத்திமா இல்லை, நானே குத்தினேன். யாழினிக்கு ஐந்து புள்ளி எட்டு. படிவத்தில் ஏழு புள்ளி எட்டு. விரலில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோது சித்ரா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காட்டு வேலையில் இருந்து நேராக வந்திருந்தாள், கையெல்லாம் மண். அந்தப் பேச்சு மட்டும் எனக்கு வரி வரியாக நினைவில் இருக்கிறது.

“ஏனுங்க சார், பிள்ளை வெளுத்துப்போயிக் கெடக்குதுங்களே. மூணு தரம் ரத்தம் எடுத்துட்டீங்க. என்ன வந்துச்சுங்க?”

“எல்லாம் எழுதியிருக்கேம்மா,” என்றேன்.

“அப்பச் சரிங்க.” அவள் முகம் தெளிந்துவிட்டது. “அவங்கப்பா போன்ல, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, போன்னு கத்துறாருங்க. நான் சொன்னேன், காலேசுல இருந்து பெரிய சாரு வந்து ரத்தமே பாக்கறாரு, ஏதாச்சும்னா சொல்ல மாட்டாரான்னு. நீங்க பாத்துக்கறீங்கன்னுதானுங்க நான் போகவே இல்லை.” பிறகு மகளின் தலையைத் தடவினாள். “சாமி, சாருக்குக் கும்பிடு போடு.”

யாழினி கும்பிட்டாள். ஒரு கையில் பல்பம் இருந்ததால் கும்பிடு கோணலாக விழுந்தது.

திரும்பும்போது பேருந்தில் மனசு சரியில்லை. ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தேன், அப்படியும் சரியில்லை. நான் அந்த ஊரில் எதுவும் செய்யவில்லை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வருவதாலேயே ஒரு தாய் மருத்துவமனைக்குப் போகாமல் இருக்கிறாள் என்றால், நான் வருவதும் ஒரு மாற்றம்தானே. ஒப்பீட்டு ஊர் நான் இல்லாமல் இருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் அதை எழுதிவைத்தேன். ஆய்வின் வரையறைகள் என்று கடைசி அத்தியாயத்தில் ஒரு பகுதி வரும், அதில் நான்காவது பத்தி. படித்துப் பார்த்தால் என் நேர்மை உங்களுக்குப் புரியும்.

அதே சமயத்தில் கருங்கல்வலசு அளவுகளும் வந்துவிட்டன. அங்கே ஒரு பிள்ளைகூடப் பத்துக்குக் கீழே இல்லை. கௌதமன் பார்த்துவிட்டு, வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது, இதற்கு மேல் என்ன, இத்தோடு நிறுத்திவிட்டு ஓலைக்காட்டுக்கும் கொடுத்துவிடலாமே என்றார். இரண்டு ஊரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று சொன்னவரே நீங்கள்தானே என்று கேட்டேன். இரண்டு வருடம் என்று எழுதிக் கொடுத்தால் இரண்டு வருடம்தான்.

பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது இதைச் சொன்னீர்களா என்று குழுவில் இருக்கும் அம்மையார் கேட்டார்கள். இல்லை. மனதை உறுத்துவதைத்தான் அங்கே சொல்வது. போன மாதம் கூட்டத்தில் டிக்கெட் எடுக்காமல் இறங்கிவிட்டேன். அதைச் சொன்னேன்.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் யாழினி வாசலில் விளையாடிக்கொண்டே உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லையாம். மூச்சு இரைத்திருக்கிறது. உதடு வெள்ளைக் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. சித்ரா முதலில் எனக்குத்தான் போன் செய்திருக்கிறாள். நான் வகுப்பில் இருந்தேன். போனைச் சத்தம் இல்லாமல் வைப்பது என் வழக்கம். பிறகு ஃபாத்திமாவுக்குச் செய்திருக்கிறாள். ஃபாத்திமா கருங்கல்வலசில் இருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரமும் ஓட்டிப் போய், இருவரையும் பின்னால் உட்கார வைத்து மருத்துவமனையில் சேர்த்திருக்கிறாள். நான்கு புள்ளி ஒன்று. இரண்டு நாளில் இரண்டு தடவை ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துவிட்டாள். இந்தக் கதையில் யாரும் சாகவில்லை என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

நான் போய்ப் பார்த்தேன். பல்பம் வாங்கிக்கொண்டுதான் போனேன். யாழினி கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். பெட்டியை நீட்டினேன். பார்த்துவிட்டு, “வேண்டாஞ் சாரு,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரத்தம் ஏறியதும் அந்த ஆசை போய்விடும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். சரியாகவே போட்டிருக்கிறார்கள். ஆனாலும் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. சித்ரா என்னைப் பார்த்து எழுந்து நின்றாள், வழக்கம்போல. உட்காருங்க சார் என்று அவளுடைய ஸ்டூலையே எனக்குப் போட்டாள். அவளுக்கு அதுவரை யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் ஃபாத்திமா என் துறை அறைக்கு வந்தாள். உட்காரவில்லை. மருத்துவமனைச் சீட்டை மேசையில் வைத்தாள். அலுவலகத்தில் இருந்து எடுத்து வந்த படிவத்தின் நகலை அதற்குப் பக்கத்தில் வைத்தாள்.

“போன வருசம் நான் வாசிச்சது ஆறு புள்ளி நாலு. நீங்க எழுதியிருக்கறது ஏழு புள்ளி நாலு. கைத்தவறுன்னு சொல்லிடுங்க சார். நான் நம்பிக்கறேன்.”

அவள் கண் அப்படிக் கெஞ்சியது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாம் யாரும் இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். ஆனால் பதினைந்து வருடமாக அவளைப் போன்றவர்களுக்கு எண்களின் புனிதத்தைச் சொல்லிக்கொடுத்தவன் நான். எண்களில் எனக்குக் கைத்தவறு வராது என்றேன். தெரிந்துதான் எழுதினேன், ஏன் எழுதினேன் என்று விளக்கினேன், இப்போது உங்களிடம் விளக்குவதுபோலவே. அவள் பாதியிலேயே போய்விட்டாள். நல்ல மாணவி, ஆனால் எதையும் கடைசிவரை கேட்க மாட்டாள். புகார் எழுதியது அன்று மாலைதான். அவள் எழுதியதில் ஒரு வரிகூடத் தவறில்லை, எழுத்துப்பிழைகள் இரண்டைத் தவிர.

யாழினியை ஆய்விலிருந்து நீக்க வேண்டியிருக்கிறது. ரத்தம் ஏற்றிய பிள்ளையை ஒப்பீட்டில் வைக்க முடியாது. முப்பத்தெட்டில் ஒன்று குறைகிறது. தாங்கிக்கொள்ளலாம்.

வேறு யாராவது உண்டா என்று டாக்டர் கேட்கிறார். கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டார். கோபமாக இருக்கிறார் என்று தெரிகிறது. ஃபாத்திமாவுக்கு யாழினியை மட்டும்தான் தெரியும். ஆகஸ்டில் குத்தியவன் நான் ஒருவன்தானே. ஆம், இருக்கிறார்கள். இன்னும் ஆறு பேர். மூன்று பேர் தெற்குத் தெரு, மூன்று பேர் வடக்குத் தெரு. ஃபாத்திமாவின் கடலை உருண்டை நின்ற பிறகு வடக்குத் தெருவும் நன்றாக இறங்கிவிட்டது. ஆறு பேருக்கும் படிவத்தில் ஏழுக்கு மேல்தான் இருக்கும். எல்லாம் நான் எழுதியது, என் கையெழுத்து. பச்சை நோட்டில் சரியான எண்கள் இருக்கின்றன. அதில் ஒரு பையனுடையது யாழினியுடையதைவிடக் குறைவு. நோட்டை நாளைக்கே கொண்டுவந்து தருகிறேன். எனக்கு ஒளிக்க எதுவும் இல்லை.

நாளைக் காலையிலேயே ஓலைக்காட்டில் மருத்துவ முகாம் போடப்போவதாகச் சொல்கிறீர்கள். தாராளமாகப் போடுங்கள். மேசை நாற்காலிக்குக் கண்ணுசாமியைக் கேட்டால் போதும், ஓடி வந்து செய்வார். தோமினிக்கிடம் சொன்னால் பாலும் வரும். நானும் வந்து பெயர் எழுதித் தருகிறேன், எனக்கு எல்லாப் பிள்ளைகளின் முகமும் தெரியும். என்னை வேலையை விட்டு நீக்கினாலும், காவல் நிலையத்துக்கு அனுப்பினாலும் மறுப்பு எழுதிக் கொடுக்க மாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள்தான். இன்றைக்கு ஜனவரி இருபத்தெட்டு. கடைசி அளவு பிப்ரவரி பதினைந்து. முகாமைப் பதினாறாம் தேதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் பொறுத்த பிள்ளைகள் இன்னும் பதினெட்டு நாள் பொறுக்க மாட்டார்களா?